கன்ட்ரோல்-சி அடித்தால் நிற்க வேண்டும்

சனிக்கிழமை இரவு பதினொன்றேமுக்காலுக்குத் திரையில் 1000-க்கு 1000 என்று வந்தது. நாற்பது த்ரெட் (ஒரே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலைச் சரடு) ஓடுகிற ஒரு சோதனைப் புரோகிராமை, நான் எழுதிய டீபக்கரால் ஆயிரம் தடவை நிறுத்தி, ஆயிரம் தடவை மறுபடி ஓடவிட்டதில், ஒரு தடவைகூடத் தொங்கவில்லை. கேட்காமல் நிற்கவும் இல்லை. இதற்கு நான்கு வார இறுதிகள் போயின. சூடு ஆறுவதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன். இரண்டு மாதம் போனால் எனக்கே மறந்துவிடும்.

டீபக்கர் (பிழை தேட, ஓடுகிற புரோகிராமை நடுவில் நிறுத்திப் பார்க்கும் கருவி) உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதற்காக மூன்று வருடம் முன்பு சி மொழியில் நானே ஒன்று எழுதினேன். லினக்ஸில், 64 பிட் இன்டெல் வகை ப்ராசசரில் மட்டும் ஓடும். பெயர் குண்டூசி. பூச்சியைக் குத்தி நிறுத்திவைத்துப் பார்க்கிற சாமான் என்பதால் அந்தப் பெயர். மொத்தம் 3200 வரி. ஜிடிபி என்ற பிரபலமான டீபக்கர் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. கைப்பழக்கம் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

சிக்கல் வேறு இடத்திலிருந்து வந்தது. மாமாவின் அரிசி ஆலையில் லாரி எடைமேடைக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். சீரியல் போர்ட் வழியாக 9600 வேகத்தில் எடை வரும். ஒரு த்ரெட் அதைப் படிக்கும், ஒன்று கோப்பில் எழுதும், ஒன்று மாமாவின் கைபேசிக்கு அனுப்பும். நான்காவது த்ரெட்டுக்கு ஒரே வேலை: யாராவது கன்ட்ரோல்-சி அடித்தால் கோப்புகளை ஒழுங்காக மூடிவிட்டு வெளியேறுவது. ஒரு நாள் போன் வந்தது. “மாப்ள, லாரி மேடைல நிக்குது, ஸ்கிரீன்ல எடை அசையவே மாட்டேங்குது. ரெண்டு நிமிஷம் கழிச்சு தானா ஓடுது.” வாரத்தில் மூன்று நான்கு தடவை இப்படி.

தொலைவிலிருந்து அந்தக் கணினிக்குள் நுழைந்து, எடை உறைந்திருக்கிற நேரமாகப் பார்த்துக் குண்டூசியை மாட்டி, கன்ட்ரோல்-சி அடித்தேன். எடைமேடைப் புரோகிராம் கோப்புகளை மிக ஒழுங்காக மூடிவிட்டு, “நன்றி, வணக்கம்” என்று எழுதிவிட்டு வெளியேறியது. அந்த வரியை எழுதியவனும் நானே.

காரணம் சிரிப்பாக இருந்தது. குண்டூசியில் நிறுத்தும் வேலையை ஒரே வரி செய்துகொண்டிருந்தது: பயனர் கன்ட்ரோல்-சி அடித்தால், ஓடுகிற புரோகிராமுக்கு சிக்இன்ட் சிக்னலை அனுப்பு. அந்த சிக்னல் ஒரு த்ரெட்டிடம் போய்ச் சேர்கிற நேரத்தில் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அதை முதலில் டீபக்கரிடம் காட்டும், த்ரெட் அங்கேயே நிற்கும். இதுதான் கணக்கு. ஆனால் என் எடைமேடைப் புரோகிராம் எல்லா த்ரெட்டிலும் சிக்இன்ட்டைத் தடுத்து வைத்துவிட்டு, நான்காவது த்ரெட்டில் சிக்வெயிட் போட்டுக் காத்திருக்கிறது. சிக்வெயிட் சிக்னலை வரிசையிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளும். வழக்கமான பட்டுவாடா நடப்பதே இல்லை. ஆகவே டீபக்கருக்குத் தகவலும் இல்லை. தபால்காரர் வீட்டுக்கு வரட்டும் என்று நான் வாசலில் உட்கார்ந்திருக்க, வீட்டுக்காரர் தபால் நிலையத்துக்கே போய்க் கடிதத்தை வாங்கிவந்த கதை.

முதல் வார இறுதி: இரண்டு வரி வைத்தியம்

சிக்இன்ட்டைத் தடுக்கலாம், கட்டாயமாக நிறுத்திவைக்கும் சிக்ஸ்டாப் சிக்னலைத் தடுக்க முடியாது. அதனால் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித்தனியாக சிக்ஸ்டாப் அனுப்பினால் போதும் என்று நினைத்தேன். மாற்றியது இரண்டு வரி. ஓட்டினேன், நின்றது. அரை மணி நேரத்தில் முடிந்தது என்று டீ போடப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் குண்டூசி தானாக நின்றிருந்தது. ஓடு என்றேன், ஓடியது. பிரேக்பாயின்ட் (புரோகிராம் வந்தால் நிற்க வேண்டிய இடக்குறி) ஒன்று போட்டு, நிறுத்தி, ஓடவிட்டேன். மறுபடி யாரும் கேட்காமலே நின்றது. இருபது தடவைக்கு ஒரு தடவை இப்படி.

என்ன நடக்கிறது என்றால், மூன்றாவது த்ரெட்டுக்கு நான் சிக்ஸ்டாப் அனுப்புகிற அதே நொடியில் அந்த த்ரெட் ஒரு பிரேக்பாயின்ட்டை மிதிக்கிறது. வெயிட்பிட் (நின்ற த்ரெட்டின் செய்தியைக் கெர்னலிடமிருந்து வாங்கும் அழைப்பு) எனக்குச் சொல்வது பிரேக்பாயின்ட் செய்தியை. குண்டூசி “சரி, இவன் நின்றுவிட்டான்” என்று குறித்துக்கொள்கிறது. நான் அனுப்பிய சிக்ஸ்டாப் இன்னும் வரிசையில் கிடக்கிறது. ஓடு என்று சொன்னதும் அது வந்து சேர்கிறது. பேய் மாதிரி.

இங்கே நான் செய்தது முழுத் தவறு. “நான் அனுப்பிய சிக்ஸ்டாப் எத்தனை பாக்கி” என்று த்ரெட்டுக்கு ஒரு எண்ணிக்கை வைத்தேன். சிக்ஸ்டாப் வந்தால், எண்ணிக்கை இருக்கும்வரை அது என்னுடையது, விழுங்கிவிடலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஞாயிறு முழுக்க இதில்தான் போனது. சாயங்காலம் ஒரு சோதனையில் வேறு முனையத்திலிருந்து புரோகிராமுக்கு, நின்றதை ஓடவிடும் சிக்கான்ட் சிக்னலை அனுப்பினேன். சிக்கான்ட் வந்தால், வரிசையில் காத்திருக்கிற நிறுத்தும் சிக்னல்கள் எல்லாவற்றையும் கெர்னல் துடைத்துவிடும். அது யூனிக்ஸ் விதி. என் சிக்ஸ்டாப்பும் அதில் போய்விட்டது, எண்ணிக்கை மட்டும் 1 என்றே நின்றது. அடுத்து யாரோ நிஜமாகவே அனுப்பிய சிக்ஸ்டாப்பைக் குண்டூசி தன்னுடையது என்று விழுங்கியது. எழுதிய எண்பது வரியையும் அன்றைக்கே அழித்தேன்.

அழித்துவிட்டுத்தான் பிடிரேஸ் (ஒரு புரோகிராம் இன்னொன்றைக் கண்காணிக்க லினக்ஸ் தரும் வசதி) கையேட்டுப் பக்கத்தைப் பொறுமையாக முழுக்கப் படித்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. பழைய முறையான அட்டாச், புரோகிராமைப் பிடிக்கும்போதே ஒரு சிக்ஸ்டாப்பை அனுப்புகிறது; அதே சமயம் வேறொருவர் அனுப்பிய சிக்ஸ்டாப் அதில் தொலைந்துபோகலாம்; இது வடிவமைப்புப் பிழை என்று அந்தப் பக்கமே ஒப்புக்கொள்கிறது. அதற்கு மாற்றாக சீஸ் என்ற கோரிக்கை லினக்ஸ் 3.4-இல், 2012-இல் வந்திருக்கிறது. நான் குண்டூசியைத் தொடங்கும்போதே அதற்குப் பத்து வயது. இணையத்தில் கிடைத்த பழைய பாடங்களைப் பார்த்து எழுதினால் இப்படித்தான்.

சீஸ், புரோகிராமை நிறுத்தாமலே பிடிக்கும். பிடித்தபின் இன்டரப்ட் என்ற கோரிக்கையால் நிறுத்தலாம். சிக்னல் எதுவும் போகாது. புரோகிராம் எதைத் தடுத்து வைத்திருந்தாலும் கவலை இல்லை.

இரண்டாவது வார இறுதி: ஈஐஓ

ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராமைப் பிடிக்கும் பகுதியில் அட்டாச்சை எடுத்துவிட்டு சீஸ் போட்டேன். நன்றாக வந்தது. குண்டூசியே தொடங்கிவைக்கிற புரோகிராமில் இன்டரப்ட் கேட்டால் மட்டும் ஈஐஓ என்ற பிழை. ஈஐஓ என்றால் உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை. வட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு மணி நேரம் தலையைச் சொறிந்தேன்.

தொடங்கிவைக்கும்போது நான் பழைய வழியில் செய்துகொண்டிருந்தேன்: ஃபோர்க் செய்து (தன்னைப் போல் ஒரு பிள்ளை ப்ராசஸை உண்டாக்கி), பிள்ளை “என்னைக் கண்காணி” என்று தானே கேட்டுக்கொண்டு, பிறகு எக்ஸெக் செய்யும் (வேறு புரோகிராமாக மாறும்). அப்படிப் பிடிபட்டது சீஸ் செய்யப்பட்டதாகக் கணக்கில் வராது. இன்டரப்ட் சீஸ் செய்தவற்றுக்கு மட்டும்தான்.

தீர்வு: பிள்ளை ஒரு பைப்பில் (ப்ராசஸ்களுக்கு இடையிலான தகவல் குழாயில்) ஒரு பைட்டுக்காகக் காத்திருக்கும். தாய் அதை சீஸ் செய்துவிட்டு அந்த ஒரு பைட்டை எழுதும். பிள்ளை விழித்து எக்ஸெக் செய்யும். சீஸ் செய்யும்போதே மூன்று விருப்பங்களைச் சேர்த்துக் கொடுத்தேன்: எக்ஸெக் நடந்தால் சொல், புது த்ரெட் பிறந்தால் அதையும் பிடி, குண்டூசி செத்தால் புரோகிராமையும் கொன்றுவிடு. முதல் விருப்பம் கட்டாயம். பழைய முறையில் எக்ஸெக் ஆனதும் தானாக ஒரு சிக்ட்ராப் (டீபக்கருக்கான நிறுத்த சிக்னல்) வரும், சீஸில் அது வராது. இதைத் தவறவிட்டதால் புரோகிராம் எனக்காகக் காத்திராமல் ஓடியே முடிந்துவிட்டது.

பைப்பில் இன்னொரு சின்னத் தவறு. அன்று ராத்திரி ப்ராசஸ் பட்டியலைப் பார்த்தால் பதினான்கு குண்டூசிப் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருந்தன. சோதனையின் நடுவில் தாய் செத்தால், பைப் மூடி, பிள்ளையும் வெளியேற வேண்டும் அல்லவா? பிள்ளை தன் கையிலிருந்த எழுதும் முனையை மூடவில்லை. தனக்குத் தானே எழுதப்போவதாக நினைத்துத் தன்னிடமிருந்தே கடிதத்துக்குக் காத்திருந்திருக்கிறது. ஒரு குளோஸ், தீர்ந்தது.

அப்புறம் 8390015. இன்டரப்ட் வேலை செய்த முதல் தடவை வெயிட்பிட் கொடுத்த எண் இதுதான். என் பழைய கோட் இதை “தெரியாத நிலை” என்று அச்சடித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. பிரித்துப் பார்த்தால் எளிது. கீழ் பைட் 127: நின்றிருக்கிறது. அடுத்த பைட் 5: சிக்ட்ராப். அதற்கு மேல் 128: இது சிக்னலால் அல்ல, இன்டரப்ட் வகை நிறுத்தம். சாதாரண பிரேக்பாயின்ட் என்றால் 127, 5, 0, அதாவது 1407. எக்ஸெக் என்றால் மேல் பைட் 4, மொத்தம் 263551. யாரோ நிஜமாகவே சிக்ஸ்டாப் அனுப்பிப் புரோகிராம் முழுக்க நின்றால் 127, 19, 128. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். எண்ணைப் பிரித்து அச்சடிக்கிற இருபது வரிச் செயலியை (ஃபங்ஷனை) முதல் நாளே எழுதியிருந்தால் பாதி நேரம் மிஞ்சியிருக்கும்.

கடைசி வகைக்கு ஓடு என்று சொல்லக்கூடாது, லிசன் என்று தனிக் கோரிக்கை உண்டு. நின்றபடியே இரு, ஏதாவது நடந்தால் சொல் என்று பொருள். பழைய குண்டூசி இங்கே ஓடு என்று சொல்லி, வேறொருவர் நிறுத்திவைத்த புரோகிராமை ஓடவிட்டுக்கொண்டிருந்தது. மூன்று வருடமாக நான் கவனிக்கவே இல்லை.

கேட்டது வேறு, நின்றது வேறு

மூன்றாவது வார இறுதியில்தான் உண்மையான மாற்றம். அதுவரை ஒரு செயலி இருந்தது: ஒரு த்ரெட்டை நிறுத்து. சிக்னலை அனுப்பும், உடனே அந்த த்ரெட்டுக்காக வெயிட்பிட்டில் உட்காரும், அது நின்றபின்தான் அடுத்த த்ரெட்டுக்குப் போகும். கேட்பதும் தெரிந்துகொள்வதும் ஒரே செயலிக்குள் ஒட்டிக்கொண்டிருந்தன. எல்லாக் கோளாறும் இந்த ஒட்டலிலிருந்துதான் வருகிறது என்று சிக்ஸ்டாப்பை விட்ட பிறகும் புரியவில்லை. இன்டரப்ட் போட்டும் நூறு தடவைக்கு ஒன்று தொங்கியதும்தான் உறைத்தது.

நிறுத்து என்று கேட்ட த்ரெட், பதிலாக எதை வேண்டுமானாலும் அனுப்பலாம். பிரேக்பாயின்ட் மிதித்ததைச் சொல்லலாம். செத்துப்போனதைச் சொல்லலாம். முதன்மை த்ரெட் பிதிரெட் எக்ஸிட் (தான் மட்டும் முடிந்துகொள்ளும் அழைப்பு) போட்டுப் போயிருந்தால், மற்ற த்ரெட்கள் எல்லாம் முடியும்வரை அதன் சாவுச் செய்தியே வராது. அதற்காக வெயிட்பிட்டில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். என் சோதனைப் புரோகிராமில் தொங்கியது இதில்தான்.

அதனால் த்ரெட்டுக்கு ஒரு வரி என்று ஒரு பட்டியல் வைத்தேன். வரிக்கு மூன்று கட்டம். கேட்டாச்சா? நின்னாச்சா? கையில் சொல்லாமல் வைத்திருக்கிற செய்தி என்ன? கோட்டில் மாறிகளின் பெயரும் கிட்டத்தட்ட இதேதான். நிறுத்தும் செயலி இப்போது எல்லா த்ரெட்டுக்கும் இன்டரப்ட் சொல்லிவிட்டு, கேட்டாச்சு என்று குறித்துவிட்டு, உடனே திரும்பிவிடும். யாருக்காகவும் காத்திருக்காது. செய்தி வாங்குகிற இடம் ஒன்றே ஒன்று. யார் செய்தி வந்தாலும் பட்டியலில் போய்ப் பொருத்தும். எல்லா வரியும் நின்னாச்சு ஆனதும் பயனரிடம் சொல்லும்.

பேய் இதிலும் உண்டு, ஆனால் சாதுவான பேய். ஒரு த்ரெட் பிரேக்பாயின்ட்டில் நின்றுவிட்டது, அந்தச் செய்தி இன்னும் என்னிடம் வரவில்லை, அதற்குள் நான் இன்டரப்ட் சொல்கிறேன். கெர்னல் இப்போதைய நிறுத்தத்தைக் கலைக்காது. ஆனால் ஓடு என்று சொன்னதும் இன்னொரு நிறுத்தம் வரும். அது 8390015 என்று தன் முகத்தோடு வருகிறது. பட்டியலில் கேட்டாச்சு என்ற குறி இல்லை, வந்தது இன்டரப்ட் வகை, அப்படியானால் பழைய பாக்கி. சத்தமில்லாமல் ஓடு என்றால் முடிந்தது. சிக்ஸ்டாப்பில் இந்த வசதி இல்லை, எது யாருடையது என்று முகத்தில் எழுதியிருக்காது.

“கையில் செய்தி” என்ற மூன்றாவது கட்டத்துக்காக நான் பட்டது தனிக் கதை. இரண்டு த்ரெட் ஒரே சமயத்தில் ஒரே பிரேக்பாயின்ட்டை மிதிக்கின்றன. ஒன்றைப் பயனரிடம் சொல்கிறோம், இன்னொன்றைக் கையில் வைத்திருக்கிறோம். பயனர் அந்த பிரேக்பாயின்ட்டை நீக்கிவிட்டு ஓடு என்கிறார். நான் ஓடவிட்டேன். புரோகிராம் செத்தது. எடைமேடைப் புரோகிராமில்தான் ஏதோ கோளாறு என்று ஒரு இரவு முழுக்க அதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பிரேக்பாயின்ட் என்பது கட்டளையின் முதல் பைட்டை எடுத்துவைத்துவிட்டு அங்கே 204 என்ற பைட்டை எழுதுவது. ப்ராசசர் அந்த ஒரு பைட்டை நிறைவேற்றிவிட்டுத்தான் நிற்கும். ஆகவே அடுத்து எங்கே என்று காட்டும் பதிவேடு ஒரு பைட் தள்ளியிருக்கும். பயனரிடம் சொன்ன த்ரெட்டுக்கு அந்த ஒரு பைட்டைப் பின்னால் நகர்த்தியிருந்தேன். கையில் வைத்திருந்த த்ரெட்டுக்கு நகர்த்தவில்லை. பிரேக்பாயின்ட் இருந்த இடத்தில் ஐந்து பைட் நீளமான ஒரு ‘கால்’ கட்டளை, அதாவது ஒரு செயலியை அழைக்கும் கட்டளை. 204-ஐ எடுத்துவிட்டு அங்கே பழைய 232 திரும்பி வந்துவிட்டது. இந்த த்ரெட்டோ இரண்டாவது பைட்டிலிருந்து ஓடத் தொடங்கியது. முகவரியின் துண்டைக் கட்டளை என்று படித்தால் என்ன ஆகும்? அது ஆனது. இப்போது செய்தி கைக்கு வந்தவுடனேயே ஒரு பைட் பின்னால் நகர்த்திவிடுகிறேன். பிரேக்பாயின்ட் இருந்தால் மறுபடி மிதிக்கும். இல்லாவிட்டால் பேசாமல் கடந்துபோகும்.

கேட்பதைப் பிரித்ததும் இன்னொரு கேள்வி வந்தது: செய்தி வாங்குகிற இடம் ஒன்று என்றால், பயனர் தட்டச்சு செய்வதை யார் கேட்பது? முதலில் தட்டச்சுக்கு ஒரு த்ரெட், செய்திக்கு ஒரு த்ரெட் என்று குண்டூசியையே இரண்டாக்கினேன். எல்லாக் கோரிக்கைக்கும் ஈசர்ச், அதாவது “அப்படி ஒரு ப்ராசஸ் இல்லை”, என்றது. பிடிரேஸைப் பொறுத்தவரை பிடித்தது ப்ராசஸ் அல்ல, த்ரெட். பிடித்த த்ரெட் மட்டும்தான் பேசலாம். ஆள் செத்தாலும் ஈசர்ச், ஆள் ஓடிக்கொண்டிருந்தாலும் ஈசர்ச், கேட்பவர் தப்பானவர் என்றாலும் ஈசர்ச். இந்தப் பிழை எண்ணை வடிவமைத்தவர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

பிறகு ஒரே த்ரெட், ஒரே ‘போல்’ வளையம் (பல இடங்களை ஒரே சமயத்தில் கவனித்துக் காத்திருப்பது) என்று முடிவு செய்தேன். விசைப்பலகை ஒரு பக்கம், சிக்னல்களைக் கோப்பு போலப் படிக்கத் தரும் சிக்னல்எஃப்டி ஒரு பக்கம். கன்ட்ரோல்-சியும், பிள்ளையிடம் மாற்றம் என்று சொல்லும் சிக்சைல்ட்டும் அந்த சிக்னல்எஃப்டி வழியாக வரும். சிக்னல் ஹேண்ட்லருக்குள்ளிருந்து வேலை செய்யும் பழைய கோட் மொத்தமும் போனது, நிம்மதி. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நாற்பது த்ரெட் நின்றாலும் சிக்சைல்ட் ஒன்றே ஒன்றாக வரலாம். ஆகவே ஒரு சிக்சைல்ட் வந்தால், இனி செய்தி இல்லை என்று வெயிட்பிட் சொல்லும்வரை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

சிக்னல்எஃப்டிக்காக சிக்இன்ட்டைக் குண்டூசி தடுத்து வைக்க வேண்டும். அந்தத் தடை ஃபோர்க்கைத் தாண்டும், எக்ஸெக்கையும் தாண்டும். குண்டூசி தொடங்கிவைத்த சாதாரண ஸ்லீப் கட்டளைகூட சிக்இன்ட்டுக்குச் சாகவில்லை என்பதைப் பார்த்தபிறகுதான் இது நினைவுக்கு வந்தது. பிள்ளையில், எக்ஸெக்குக்கு முன்னால் பழைய முகமூடியை (எந்த சிக்னல்களைத் தடுப்பது என்ற பட்டியலை) திரும்ப மாட்டிவிட வேண்டும்.

முனையம் பற்றிச் சுருக்கமாக. குண்டூசியும் அது தொடங்கிய புரோகிராமும் ஒரே முனையத்தில் இருந்தால் கன்ட்ரோல்-சி இரண்டுக்கும் போகும். புரோகிராமை மட்டும் முன்னணிக் குழு (முனையத்தின் சிக்னல் போய்ச் சேரும் குழு) ஆக்கினால் கன்ட்ரோல்-சி அதற்கு மட்டும் போகும், சிக்வெயிட் அதை விழுங்கும்; பழைய குருடி கதவைத் திறடி. கடைசியில் புரோகிராமுக்குத் தனியாக ஒரு போலி முனையம் கொடுத்து, அதன் வெளியீட்டைக் குண்டூசியே வாங்கித் திரையில் காட்டுகிறது. கன்ட்ரோல்-சி இனிக் குண்டூசிக்கு மட்டும். புரோகிராமுக்கே நிஜமான சிக்இன்ட் அனுப்ப வேண்டும் என்றால் அதற்குத் தனிக் கட்டளை.

ஆலையில்

நான்காவது வாரம் சோதனைக்கு. நாற்பது த்ரெட், பாதி பிரேக்பாயின்ட்டை மிதித்துக்கொண்டே சுற்றும், ஒன்று சிக்வெயிட்டில், ஒன்று புதுப் புது த்ரெட்டைப் பெற்றுப் போட்டுக்கொண்டே இருக்கும். இந்தக் கடைசி ஆளால் ஒரு சங்கதி தெரிந்தது: புது த்ரெட்டின் முதல் செய்தி, அதைப் பெற்ற த்ரெட்டின் “பிறந்தது” செய்திக்கு முன்னாலேயே வரலாம். தெரியாத எண்ணிலிருந்து செய்தி வந்தால் எறிந்துவிடாமல் பட்டியலில் வரி போட்டு வைக்க வேண்டும்.

என் மடிக்கணினியில் கணக்கு இது. சிக்ஸ்டாப் முறையில் ஆயிரம் நிறுத்தத்துக்கு 37 தடவை கேட்காமல் நின்றது, 4 தடவை தொங்கியது. புது முறையில் இரண்டும் 0. சாதுப் பேய் 212 தடவை வந்து சத்தமில்லாமல் போயிருக்கிறது. நாற்பது த்ரெட்டும் நிற்க முன்பு சுமார் 3 மில்லிசெகண்ட், இப்போது ஒன்றுக்கும் கீழே. ஒவ்வொருவராகக் காத்திராததால் வந்த லாபம் இது. நான் இதற்காகச் செய்யவில்லை. 610 வரி போய் 460 வரி வந்தது. நேரம் சுமார் 26 மணி.

நடக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சிக்னலே இல்லாமல் நிறுத்துகிறோம் என்பதால் புரோகிராமுக்குத் தெரியவே தெரியாது என்று நம்பினேன். கைபேசிக்கு அனுப்புகிற த்ரெட் ஈபோல்-வெயிட்டில் (இணைப்பில் ஏதாவது நடக்கும்வரை தூங்கும் அழைப்பில்) காத்திருக்கும். இன்டரப்ட்டால் நிறுத்தி ஓடவிட்டாலும் அது ஈஇன்டர் என்ற பிழையோடு விழித்துக்கொள்கிறது, நடுவில் யாரோ தட்டி எழுப்பிவிட்டார்கள் என்று பொருள். சீரியல் போர்ட்டில் படிப்பது போன்றவற்றைக் கெர்னலே மறுபடி தொடங்கிவிடும், ஈபோல் அப்படி இல்லை. என் புரோகிராம் ஈஇன்டர் வந்தால் இணைப்பு அறுந்ததாக நினைத்து மறுபடி இணைக்கப் பார்த்தது. அதைக் குண்டூசியில் திருத்த வழியில்லை. எடைமேடைப் புரோகிராமில் இரண்டு வரி சேர்த்தேன்.

ஞாயிறு காலை மறுபடி ஆலைக் கணினிக்குள் போய் உட்கார்ந்தேன். மதியம் இரண்டேகாலுக்கு எடை உறைந்தது. மாட்டினேன், கன்ட்ரோல்-சி அடித்தேன். முதல் தடவையாக “நன்றி, வணக்கம்” வரவில்லை. வந்தது இது: “நின்றவை 3. இன்னும் நிற்காதது 2104, நிலை டி.”

2104 என்பது ஒரு த்ரெட்டின் எண். டி என்றால் கெர்னலுக்குள் அசைக்க முடியாத தூக்கம். அந்தத் தூக்கத்தில் இருக்கிற த்ரெட்டை இன்டரப்ட்டும் எழுப்பாது. கெர்னலை விட்டு வெளியே வரும்போதுதான் நிற்கும். பழைய குண்டூசி இந்த இடத்தில் 2104-க்காக வெயிட்பிட்டில் உட்கார்ந்து தானும் உறைந்திருக்கும். புதியது மற்ற மூன்றையும் எனக்குக் காட்டியது. எடை படிக்கிற த்ரெட் ஒரு பூட்டுக்காகக் காத்திருந்தது. பூட்டு யார் கையில்? 2104 கையில். 2104 எங்கே? ரூட் அனுமதியோடு ப்ராக் அடைவில், அது கெர்னலுக்குள் எங்கே நிற்கிறது என்று காட்டும் ஸ்டாக் கோப்பைப் பார்த்தால் எஃப்சிங்க். கோப்பில் எழுதுகிற த்ரெட், பூட்டைப் பிடித்துக்கொண்டே, பிரதி எடுப்பதற்காகச் செருகியிருந்த பென்டிரைவில் எழுதி முடியக் காத்திருக்கிறது. பென்டிரைவ் பதில் சொல்லாவிட்டால் கெர்னல் 30 வினாடி பொறுத்துப் பார்த்துவிட்டு மறுபடி முயலும். அது நாலு முறை நடந்தால் மாமா சொன்ன இரண்டு நிமிஷம்.

மாமாவுக்குப் போன் செய்து அந்தப் பென்டிரைவைப் பிடுங்கச் சொன்னேன். திரையில் 2104 நின்றது. ஓடு என்றேன், எடை ஓடியது. புதுப் பென்டிரைவ் 450 ரூபாய். எழுதும்போது பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்காதபடி எடைமேடைப் புரோகிராமைத் திருத்தியாக வேண்டும், அது இந்த வாரம். “பென்டிரைவ மாத்த ஒரு மாசமா மாப்ள?” என்றார் மாமா.